கிணறும் வரைபடமும்: புத்தளக் கரையோரத்தின் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

வரலாறு என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் மன்னரும் போரும் கோட்டையும் கொடியுமே பெரும்பாலார் உள்ளத்தில் தோன்றுகின்றன. ஆயின் ஒரு நாட்டு மக்கள் எந்நீரைப் பருகினர், அந்நீரால் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு மாண்டனர் என்பனவும் வரலாற்றின் பாற்பட்டனவே. கோட்டைகளைப் பற்றி எழுதினோர் பலர்; கிணறுகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். மக்கள் நெருங்கி வாழும் குடியிருப்புகளில் நீர்வழி பரவும் நோயின் தடத்தை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர் என்பதையும், அவ்வறிவு நமது புத்தளக் கரையோரத்திற்கு எவ்வாறு பொருந்துகின்றது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புத்தளக் கரையோரம் தொன்றுதொட்டு வருவோரை ஏற்ற கரை. அரேபிய நாடுகளையும் இந்தியாவையும் சுற்றிய இபின் பதூதா 1344ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்தபோது இறங்கிய இடம் புத்தளமே. ஆரியச்சக்கரவர்த்தியை அவன் கண்டு அளவளாவியதும், பாவாத மலைக்கு யாத்திரை புறப்பட்டதும் இங்கிருந்தேயாம். சிலாபம் என்னும் ஊர்ப்பெயரையே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னுஞ் சொல்லோடு பொருத்திக் காட்டுவர். முன்னேச்சரத்துத் திருவிழாவிற்கும், உடப்பூர்த் திரௌபதை அம்மன் தீமிதிப்பிற்கும், தலவில் புனித அன்னம்மாள் பெருநாளுக்கும் ஆண்டுதோறும் மக்கள் வெள்ளம்போல் திரள்கின்றனர். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட இலங்கை இடவிளக்க நூலைப் புரட்டுவோர், இக்கரையில் எத்தனை இனத்தாரும் தொழிலாரும் கலந்து வாழ்ந்தனர் என்பதை அறிந்து வியப்பர். வணிகர், சலாபக்காரர், யாத்திரிகர், வாடியமைக்கும் மீனவர், கூலி தேடி வந்தோர், அடைக்கலந் தேடி வந்தோர் என வருவோர் மாறினரேயன்றி, வருகை என்றும் நின்றதில்லை.

இவர்கள் அனைவரையும் தாங்கிய நிலமோ மணல்நிலம். கற்பிட்டிக் குடாநாடு ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ நீண்டு கிடக்கும் மணற்றிட்டு. ஆங்கு ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. மாரிமழை மணலினூடே வடிந்து, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். நன்னீர் உவர்நீரினும் பாரங்குறைந்தது ஆதலின், கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நிலநீரறிஞர் கண்ட கணக்கு. அந்த ஓரடியை நாம் இறைத்துத் தீர்த்தால் நாற்பதடியையும் உவர் கொள்ளும். சில முழம் தோண்டியவுடன் நீர் ஊறுவது இம்மணலின் கொடை. அஃதே இதன் குறையுமாகும். நீரை விரைந்து உள்ளே விடும் மணல், மலசலகூடக் குழியின் கழிவையும் அவ்வாறே விரைந்து உள்ளே விடுகின்றது. களிமண் தடுத்து வைப்பதை மணல் தடுப்பதில்லை. இவ்வுண்மையை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

19ஆம் நூற்றாண்டில் உலகை நடுங்கவைத்த நீர்வழி நோய் வாந்திபேதி. 1817ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஜெஸோர்ப் பகுதியிற் கொடுமையுடன் வெளிப்பட்ட இந்நோய், படைகளோடும் வணிகரோடும் யாத்திரிகரோடும் தெற்கே பரவி, 1818, 1819ஆம் ஆண்டுகளில் இலங்கையையும் அடைந்தது. காலையில் நலத்துடன் இருந்தவன் மாலையிற் பிணமாகும் விரைவு மக்களைக் கலங்கச் செய்தது. தெய்வக் குற்றம் என்றனர் சிலர். காற்றுக் கெட்டது என்றனர் வேறு சிலர். கற்றறிந்த ஐரோப்பிய வைத்தியரும் அக்காலத்தில் அழுகற் பொருள்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே நோய்க்கு முதல் என்று நம்பினர். 1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தை இந்நோய் வாட்டியபோது, மானிப்பாயில் மருத்துவ நிலையம் நடத்தித் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனும் அவர்தம் மாணாக்கரும் ஆற்றிய தொண்டு நம்மவர் நன்கறிந்ததே.

நோயின் முதல் தெரியாத காலத்தில் அரசினர் செய்யக்கூடியது ஒன்றுதான்: நோய் வந்த வழியிலுள்ள மனிதரை நிறுத்துதல். அவ்வழியிற் சிக்குண்டோர் பெரும்பாலும் தென்னிந்தியக் கூலித் தொழிலாளரே. 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிற் கிடைத்த குட்டைநீரைக் குடித்துப் பல்லாயிரவர் மாண்டனர். தொழிலாளர் நோயைச் சுமந்து வருகின்றனர் என்பதே அக்காலத்து அறிக்கைகளிலும் செய்தித்தாள்களிலும் மீண்டும் மீண்டும் ஒலித்த கூற்று. தாகத்தால் வருந்தியவன் குடித்த குட்டையைப் பற்றி வினாவியோர் அரியர். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புச் சட்டம் இவ்வச்சத்தின் பின்னணியில் எழுந்தது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்றொடர்பும் புகையிரதத் தொடர்பும் ஏற்பட்ட பின்னர், இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே மண்டபத்திற் பெரியதொரு தடுப்பு முகாமை அமைத்தது. தோட்டத்திற்குச் செல்வோர் ஆங்குச் சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல்கடக்க விடப்பட்டனர். இலங்கைக்குள் நோய் புகாதிருக்கக் கட்டப்பட்ட அம்மண்டப முகாமே, பிற்காலத்தில் இலங்கையிற் போர்மூண்டபோது இங்கிருந்து ஓடிய தமிழ் அகதிகளுக்குப் புகலிடமாயிற்று.

நமது கரைக்கு வடக்கே, மோதரகம் ஆறு கடலொடு கலக்குமிடத்திலுள்ள மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் தகும். ஆளற்ற மணற்கரையிற் சில கிழமைகளுள் கிடுகும் மூங்கிலும் கொண்டு ஒரு நகரம் எழும். அராபியர், தமிழர், சோனகர், வடநாட்டு வணிகர் எனப் பல்லாயிரவர் ஆங்கு நெருங்கி வாழ்வர். சிப்பிகள் வெயிலில் அழுகிக் கிடக்கும். ஈக்கள் மேகம்போல் மொய்க்கும். 1906ஆம் ஆண்டில் அவ்விடத்துக் கடமையாற்றிய அரசாங்க உத்தியோகத்தருள் ஒருவர், பின்னாளிற் பேரெழுத்தாளராய் விளங்கிய லெனாட் வுல்ப். முகாமை நடத்துவோர் எந்நேரமும் அஞ்சியது வாந்திபேதிக்கே. சில கிழமைகளுக்கென எழுப்பிய நகரத்திற்கும் குடிநீர் எங்கிருந்து, கழிவு எங்கே என்னும் இரு வினாக்கள் உண்டு என்பதை இச்சலாபங்கள் அரசினர்க்கு உணர்த்தின.

நோயின் தடத்தை மனிதனிடத்தன்றி நீரிடத்தே தேடலாம் என்று உலகிற்குக் காட்டியவர் ஜோன் ஸ்நோ என்னும் ஆங்கில வைத்தியர். வாந்திபேதியாளனின் குடலே முதலில் தாக்கப்படுகின்றது. ஆதலின் நோய்நஞ்சு வாய்வழியே உட்சென்றிருத்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. 1854ஆம் ஆண்டு ஆகத்து மாத இறுதியில் இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் நோய் வெடித்தது. சிறு வட்டத்துள் பத்து நாட்களில் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஸ்நோ இறந்தோரின் வீடுகளை ஒவ்வொன்றாகக் குறித்து வரைபடத்திற் பொறித்தார். குறிகள் யாவும் புரோட் வீதியிலுள்ள ஒரு குழாய்க்கிணற்றைச் சூழ்ந்து நின்றன.

அவ்வரைபடம் பலரும் அறிந்த செய்தி. ஆயினும் ஸ்நோவின் பெருமை இறந்தோரைக் குறித்ததில் மட்டும் இல்லை. இறவாதோரைப் பற்றியும் வினாவியதே அவர்தம் நுண்மாண் நுழைபுலத்திற்குச் சான்று. கிணற்றுக்கு அண்மையிலிருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வாழ்ந்தனர். அவருள் வாந்திபேதியால் இறந்தோர் ஐவரே. காரணம் யாது? விடுதிக்கு வேறு கிணறு இருந்தது. அதே வீதியிலுள்ள மதுபானம் வடிக்கும் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தனர், ஒருவரும் இறந்திலர். அவர்கள் ஆலையின் பானத்தையும் ஆலைக் கிணற்று நீரையுமே பருகினர். மறுபுறம், பல மைல் தொலைவிலுள்ள ஹம்ஸ்டெட் என்னுமிடத்தில் மூதாட்டி ஒருத்தி இறந்தாள். முன்பு புரோட் வீதியில் வாழ்ந்த அவள், அக்கிணற்று நீரின் சுவையை விரும்பி நாள்தோறும் அதனைக் கொணர்வித்துப் பருகியவள். அண்மையில் இருந்தும் நோயுறாதவரும், சேய்மையில் இருந்தும் நோயுற்றவளும் ஒரே உண்மைக்குச் சான்றாயினர்.

செத்தம்பர் 8ஆம் நாள் கிணற்றுக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அதற்குமுன்பே மக்கள் அப்பகுதியை விட்டு ஓடியமையால் நோய் தணியத் தொடங்கிவிட்டது என்பதை ஸ்நோவே நேர்மையுடன் எழுதியுள்ளார். நோய் தொடங்கிய வீட்டைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் என்னும் அவ்வூர்க் குருவானவர். அவர் முதலில் ஸ்நோவின் கருத்தை மறுத்தவர். மறுக்கவேண்டி வீடுவீடாகச் சென்று வினாவியவர். வினாவியதன் பயனாகத் தாமே அதனை ஏற்றவர். கிணற்றை அடுத்த வீட்டிற் பேதியால் வருந்திய குழந்தை ஒன்றின் துணிகளை அலசிய நீர் மலக்குழியிற் கொட்டப்பட்டது. மறுவாண்டு தோண்டிப் பார்த்தபோது, குழிக்கும் கிணற்றுக்கும் இடையே மூன்றடி தூரமும் இல்லை; செங்கற் சுவரும் சிதைந்திருந்தது. அக்குருவானவர் ஊராரை அறிந்தவர், ஊரார் அவரை நம்பினர் என்பதைக் கருத்திற் கொள்க. வைத்தியரின் கணக்கும் ஊரறிந்தவரின் காலடியும் கூடியபோதே உண்மை முழுமையடைந்தது.

இதனினும் விரிவான சான்றொன்றையும் ஸ்நோ காட்டினார். தென் இலண்டனில் இரு கம்பெனிகள் ஒரே வீதிகளில், ஒரே தன்மையான வீடுகளுக்கு நீர் வழங்கின. ஒன்று நகரக் கழிவு கலந்த தேம்ஸ் நீரையே எடுத்தது. மற்றையது 1852இல் நீரெடுக்கும் இடத்தை ஆற்றின் மேற்பகுதிக்கு மாற்றியிருந்தது. முன்னையதன் நீரைப் பெற்ற 10,000 வீடுகளுக்கு 315 இறப்பு; பின்னையதற்கு 37. காற்று ஒன்றே, வீதி ஒன்றே, வறுமையும் ஒன்றே. வேறுபட்டது நீர் ஒன்றே. இருந்தும் அந்நாட்டுச் சுகாதார சபையார் அவர் கருத்தை ஏற்கவில்லை. ஸ்நோ 1858இல் மறைந்தார். அவர் தேடிய நஞ்சை 1854லேயே இத்தாலியரான பச்சினி நுணுக்குக்காட்டியிற் கண்டிருந்தார். எனினும் உலகம் அதனைக் கவனிக்கவில்லை. 1884இல் ஜெர்மானியரான ரொபேட் கொக் கல்கத்தாவில் நோயாளரிடத்தும், மக்கள் குளித்துக் குடித்த குளத்து நீரிடத்தும் அக்கிருமியைக் கண்டு காட்டிய பின்னரே ஐயம் பெரும்பாலும் நீங்கிற்று. 1892இல் ஹம்பேர்க் நகரில் 8,000க்கு மேற்பட்டோர் மாண்டபோது, அதனை ஒட்டிய அல்ற்றோனா நகரம், ஹம்பேர்க்கின் கழிவு கலந்த கீழாற்று நீரையே பெற்றும், அதனை மணற்படுகையில் மெல்ல வடித்து வழங்கியமையால் பெரும்பாலும் தப்பிற்று. இரு நகரங்களின் எல்லையான வீதியில் ஒரு பக்கத்தார் நோயுற, மறுபக்கத்தார் நலமுடன் இருந்தனர்.

இங்ஙனம் தடம் தேடுதற்கு இன்றியமையாதது எண்ணிக்கை. யார், எங்கே, எந்நாளில் இறந்தார் என்னும் பதிவு இல்லையேல் வரைபடத்திற் பொறிக்க ஒன்றும் இராது. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்கான முறையில் 1867ஆம் ஆண்டிலிருந்து நடைபெறத் தொடங்கியது. அப்பதிவுமுறையைச் சீர்செய்து அறிவியற் பயனுடையதாக்கிய பெருமை, பதிவாளர் நாயகமாக விளங்கி 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பையும் நடத்திய சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களுக்கு உரியது. அவரை அரசியற் பெரியாராகவும் சைவ அறிஞராகவும் போற்றும் நாம், இறந்தோரை ஒழுங்காக எண்ணுவதும் இருப்போர்க்குச் செய்யும் தொண்டே எனக் காட்டியவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

எண்ணிக்கையின் பயனை நம் மாவட்டம் ஒருமுறை கொடுமையாகவே கற்றது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையை வாட்டிய மலேரியாக் காய்ச்சலில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை பொய்த்தமையால் சிலாபத்தருகே கடலொடு கலக்கும் தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, அவற்றின் படுகைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியதே காரணம். குடித்த நீரால் வந்த நோயன்று; நின்ற நீரால் வந்த நோய். இறப்புகளை ஊர்வாரியாகப் பொறித்துப் பார்த்தோர்க்கு நோய் ஆற்றுப்படுகைகளைத் தழுவி நின்றமை புலப்பட்டது. ஈண்டும் வரைபடமே வழிகாட்டிற்று.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாள், சில இடங்களிற் சில மணி நேரத்துள் வெளியேறுமாறு பணித்தனர். ஏறத்தாழ 70,000 முதல் 75,000 வரையானோர் உடுத்த உடையோடு புறப்பட்டனர். மன்னார்த் தீவினர் பலர் படகுகளிற் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏனையோர் தரைவழி வந்தனர். அவருட் பெரும்பாலோர் தங்கியது புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லுப் பகுதிகளிலேயே. அப்பொழுது யான் பத்து வயதுச் சிறுவன். விடியற்காலத்தில் படகிலிருந்து இறங்கிய தாய்மார் முதலிற் கேட்டது சோறன்று, தண்ணீர் என்பது இன்றும் என் நினைவில் நிற்கின்றது. எங்கள் ஊரார் வாளியும் குடமுமாக ஓடினர். தமிழ் பேசுவோர் செய்த கொடுமையால் வந்தோர்க்குத் தமிழ் பேசும் எங்கள் ஊர் நீர் வார்த்தது. அதனால் அக்கொடுமை கழுவப்பட்டதென்று யான் கூறேன்.

1981ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களைக் கொண்டிருந்த மாவட்டத்தில், வறிய கரையோரப் பிரிவுகள் சிலவற்றுள் இத்துணைப் பெருந்தொகையினர் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. தென்னந்தோப்புகளிற் கிடுகுக் கொட்டில்கள் ஒன்றையொன்று முட்டி நின்றன. பெயரளவில் அவை கிராமங்கள். நெருக்கத்தாலோ அவை நகரங்கள். ஒரு கிணற்றைப் பல குடும்பத்தார் பயன்படுத்தினர். ஒரு மலசலகூடத்தையும் அவ்வாறே. சில மாதங்களுக்கென அமைத்த முகாம்கள் பல ஆண்டுகள் நிலைத்தன. 2007ஆம் ஆண்டில் உலக வங்கியின் உதவியுடன் வீடும் மலசலகூடமும் நீரும் வழங்கும் திட்டம் தொடங்கும்வரை, கிடுகுக் கொட்டிலிற் பிறந்த பிள்ளைகள் அக்கொட்டிலிலேயே வளர்ந்து பள்ளிப் படிப்பையும் முடித்தனர். வயிற்றோட்டமும் வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் செங்கமாரியும் இத்தகைய இடங்களில் எதிர்பார்க்கத்தக்கனவே.

ஆண்டுகள் செல்லச் செல்ல, முதல்நாள் வாளியோடு ஓடிய ஊராருட் சிலரின் பேச்சு மாறிற்று. நிலம் போயிற்று, வேலை போயிற்று, தண்ணீர் போயிற்று என்றனர். நோய் வந்தால் முகாமாரே கொண்டுவந்தனர் என்றனர். நூறாண்டுகளுக்கு முன் தோட்டத் தொழிலாளரை நோக்கிக் கூறப்பட்ட அதே சொற்கள், ஒலிமாறாது மீண்டும் ஒலித்தன.

யான் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, இரவில் வெளிவாரிப் பட்டப் படிப்புக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூறுதல் பொருந்தும். எங்கள் பாடசாலையிற் பதினொரு பிள்ளைகளுக்குச் செங்கமாரி கண்டது. அறுவர் முகாம்ப் பிள்ளைகள், ஐவர் ஊர்ப் பிள்ளைகள். முகாம்ப் பிள்ளைகளைச் சிறிது காலம் பாடசாலைக்கு வரவேண்டாமெனக் கூறுமாறு பெற்றோர் சிலர் வந்து வற்புறுத்தினர். வகுப்பில் என் மேசைக்கு முன்னே இருந்த முகாம்ச் சிறுமி ஒருத்தி, தனக்கு நோய் இல்லாதிருந்தும், தன் தண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் மறைத்து வைத்துக் குடிப்பதைக் கண்டேன். அப்பெற்றோரின் வேண்டுகோளைக் காட்டிலும் அக்காட்சியே என்னை வருத்திற்று.

அந்நாட்களிற்றான் ஸ்நோவின் வரலாற்றைப் பாடத்திற்காகப் படித்திருந்தேன். உயர்வகுப்பு மாணவர் சிலரைக் கொண்டு, நோயுற்ற பிள்ளைகளின் வீட்டையும், அவர்கள் நீரெடுக்கும் கிணற்றையும், நோய் கண்ட நாளையும் எழுதுவித்து வரைபடம் அமைத்தோம். முதலில் ஒன்றும் புலப்படவில்லை. பதினொருவரும் ஏழு கிணறுகளில் நீரெடுப்போர். அவ்வேழு கிணறுகளையும் பயன்படுத்தும் ஏனையோர் நலமாயிருந்தனர். வரைபடம் தோல்வியுற்றதெனவே எண்ணினேன். பின்னர் நாட்களைப் பார்த்தோம். பதினொருவரும் ஏறத்தாழ இரண்டு கிழமைக்குள் நோயுற்றிருந்தனர். ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தொற்றியிருப்பின் இடையில் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். ஏனெனில் இச்செங்கமாரிக் கிருமி உட்புகுந்து நோயாக வெளிப்பட 15 நாள் முதல் 50 நாள் வரை, பெரும்பாலும் நான்கு கிழமை, ஆகும். ஆகவே பதினொருவரும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் அதனைப் பெற்றிருத்தல் வேண்டும். வினா மாறிற்று: இன்று எங்கே குடிக்கின்றனர் என்பதன்று, ஒரு மாதத்திற்கு முன்னர் எங்கே ஒருங்கே குடித்தனர் என்பதே.

விடை எங்கள் கைக்குள்ளேயே இருந்தது. அம்மாதத்தில் எங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடைபெற்றது. பயிற்சிக் காலத்தில் மைதானத்தருகே ஒரு பீப்பாயில் நீர் வைத்திருந்தோம். அந்நீர் பக்கத்து வளவொன்றின் கிணற்றிலிருந்து கொதிக்கவையாது கொணரப்பட்டது. அக்கிணற்றுக்குச் சில பாகம் தொலைவில், முந்திய மழையில் நிரம்பி வழிந்த மலசலகூடக் குழி ஒன்று இருந்தது. நோயுற்ற பதினொருவரும் ஓட்டப் பயிற்சிக்குச் சென்றோர். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நீர்மாதிரி எடுத்தார். சோதனையில் மலக்கலப்பு உண்டென அறியப்பட்டது. கிணற்றுக்குக் குளோரின் இடப்பட்டது. புதிதாக எவருக்கும் நோய் காணவில்லை. பீப்பாயை வைக்கச் செய்தவர் யாரெனின், விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு உதவியாயிருந்த யானே. முகாமும் குற்றவாளியன்று, ஊரும் குற்றவாளியன்று. கொதிக்கவையாத நீரை நம்பிய எங்கள் கவனக்குறைவே குற்றம். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து இதனைக் கூறியபோது என் குரல் தளர்ந்தது உண்மை. ஆயின் மறுநாள் அச்சிறுமியின் போத்தல் மேசைமேல் இருந்தது.

நோயின் தடத்தைத் தேடுதல் எக்காலும் வந்தேறியை விடுவிப்பதற்கே என்று எண்ணுதலும் பிழையாகும். 2010ஆம் ஆண்டில் ஹெயிற்றி நாட்டில், நெடுங்காலமாக இல்லாதிருந்த வாந்திபேதி திடீரெனத் தோன்றிப் பல்லாயிரவரைக் கொன்றது. பிரெஞ்சு வைத்தியரான ரெனோ பியாரூ முதலியோர் நோயின் தடத்தை ஊர் ஊராகத் தொடர்ந்து சென்று, ஐக்கிய நாடுகள் அமைதிப்படையின் முகாமொன்றின் கழிவு ஆற்றிற் கலந்தமையே தொடக்கம் எனக் காட்டினர். அந்நிறுவனம் ஆண்டுகள் பல மறுத்து, 2016ஆம் ஆண்டிலேயே தன் பொறுப்பை ஒருவாறு ஏற்று மன்னிப்புக் கோரியது. அங்கே நோய் வெளியிலிருந்து வந்தது உண்மையே. ஆயினும் அதனைப் பெருங்கொள்ளையாக்கியது படைவீரனின் தேசமன்று, ஆற்றிற் கலந்த கழிவே. உண்மை எப்பக்கம் இட்டுச்செல்லினும் அப்பக்கம் செல்லத் துணிவோரே தடந்தேடத் தக்கோர்.

வந்த நோய்க்கு மருந்தும் இன்று எளிதாயிற்று. 1971இல் வங்கதேசப் போரின்போது, எல்லையிலுள்ள பொங்காவ் அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகலானபிஸ், நாளத்திலேற்றும் மருந்து தீர்ந்த நிலையில், உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீரை வாய்வழி பருகச் செய்து, நூற்றுக்கு முப்பதளவில் நின்ற இறப்பை நான்கிற்கும் குறைவாக்கினார். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டுக்குப் பின் வாந்திபேதி நெடுங்காலம் காணப்படாதிருந்தமை நம் சுகாதாரத் துறையினரின் உழைப்பிற்குச் சான்று. தொற்றுநோய் கண்ட வைத்தியர் அதனை அறிவித்தலும், சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் நோயாளியின் வீடுவரை சென்று விசாரித்தலும் ஸ்நோவின் வழியேயன்றி வேறன்று.

எனினும் மணல் மாறவில்லை. கற்பிட்டிக் குடாநாட்டிற் செறிவாக நடைபெறும் மரக்கறிச் செய்கைக்கு இடப்படும் உரம் மணலினூடே இறங்குதலால், கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளதை ஆய்வாளர் காட்டியுள்ளனர். உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மீறிய நீர் கைக்குழந்தைகளுக்குத் தீது. கிருமியைக் கொதிக்கவைத்துக் கொல்லலாம்; நைத்திரேற்றோ கொதித்தாலும் போகாது. அவசரக் குடியிருப்புகளிற் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 30 மீற்றர் இடைவெளி வேண்டுமென்பர். கால் ஏக்கர் வளவிற் கிணறும் குழியும் கொண்ட நம்மவருள் எத்தனை பேர் அவ்விடைவெளியை அளந்து பார்த்துள்ளனர்?

ஆதலின் இக்கல்லூரி மாணவர்க்கும், கரையோரப் பாடசாலைகள் அனைத்திற்கும் ஒரு வேண்டுகோள் விடுத்து இதனை முடிக்கின்றேன். ஒவ்வொரு பாடசாலையும் தன் சுற்றுப்புறத்துக் கிணறுகளுக்கு ஒரு பதிவேடு வைக்கட்டும். கிணற்றின் இடம், ஆழம், அண்மையிலுள்ள குழியின் தூரம், உவர் ஏறிய மாதம், நீர் எடுக்கும் வீடுகள் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் எழுதட்டும். பெருஞ்செலவு இதற்கு வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஓர் அளவுநாடாவும் போதும். நோய் வாராத ஆண்டில் அஃது ஒரு புவியியற் பயிற்சி; நோய் வரும் ஆண்டில் அஃதே பரிசோதகரின் கைவிளக்கு. நோயை ஆராய்வோன் அதன் முதலையும் ஆராய்தல் வேண்டுமென வள்ளுவர் மருந்ததிகாரத்தில் வகுத்தார். அம்முதலை அயலானின் முகத்திற் காணும் பழக்கம் எளிது. கிணற்றின் அடியிற் காணும் பழக்கம் அரிது. அரிய பழக்கத்தைக் கற்பிப்பதற்கே பாடசாலைகள் உள்ளன.